எதிர் பூமியில் ஒரு ரூபாய்

மாயவன் எனக்குத் தர வேண்டியது பத்து ரூபாய். அவன் திருவிடந்தைக் குப்பத்தில் மீன் பிடிக்கிறவன். வலை பாறையில் மாட்டிக் கிழிந்துவிட்டது, நூல் வாங்க வேண்டும் என்று கேட்டான், கொடுத்தேன். ஆறு ரூபாய்க்கு நூல் வாங்கினான். மீதி நாலு ரூபாய்க்கு ஒரு டார்ச் லைட் வாங்கினான். இருட்டில் மீன் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்காம். முதல் நாளே டார்ச் கடலில் விழுந்தது. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அடியில் எரிந்துகொண்டிருந்தது என்றும், மீன்களெல்லாம் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன என்றும், வலைக்குள் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றும் சொன்னான்.

அவனைக் கடன் ஏமாற்றுகிறவன் என்று சொல்லிவிட முடியாது. கோவளத்துக்கு மேற்கே கால்வாய் ஓரமாக இருக்கும் எங்கள் உப்பளத்துக்கு, கருவாடு போட உப்பு வாங்க வாராவாரம் வருவான். வரும்போது ஒரு ரூபாய் கொடுத்துவிட்டுப் போவான். இப்படியே ஒன்பது ரூபாய் வந்து சேர்ந்தது. பத்தாவது ரூபாயில்தான் கிரேக்கர்கள் குறுக்கே வந்தார்கள்.

அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தான். அளத்து வேலைக்காரர்களுக்கென்று சாயங்காலத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. நாற்பத்திரண்டு வயதில் அதில் போய் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். வரப்பில் நாள் முழுக்க உப்பு வாரிவிட்டுப் போனால் பலகைக்கு முன்னால் தூக்கம்தான் வரும். எப்படியோ தூக்கத்துக்கு நடுநடுவே எழுத்தும் வந்துவிட்டது. படித்து முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். உப்பு அளக்கிற காசிநாதன் முந்திக்கொண்டு ஆட்டு நோய்களைப் பற்றிய புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அவரிடம் ஆடு கிடையாது. அட்டையில் ஆட்டுப் படம் நன்றாக இருந்தது, அதற்காக எடுத்தார். கடைசியாகப் போன எனக்கு அட்டையில் படமே இல்லாத ஒன்று கிடைத்தது. பழைய காலத்துக் கிரேக்க தேசத்தார் கணக்கை வைத்துக்கொண்டு வானத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது.

படிக்கலாம் என்றால் எனக்கு வெள்ளெழுத்து. கிட்டே வைத்தால் எழுத்தெல்லாம் சேறாகக் கலங்கும். கையை நீட்டினால் தெளியும். போகப் போகக் கையின் நீளம் போதவில்லை. அதனால் மத்தியானம் கஞ்சி குடித்தபின் கொட்டகையில் தனகோடி புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி உட்காருவாள். நான் இங்கிருந்து படிப்பேன். தனகோடி தலைமேல் உப்பு சுமக்கிறவள். புத்தகம் கனமில்லை, ஆனால் கை வலிக்கிறது என்று அடிக்கடி சொல்லுவாள்.

"அடுத்த பக்கம் திருப்பு."

"திருப்பினேனே."

"ரெண்டு பக்கம் திருப்பிட்ட."

"ஒரு பக்கத்துல இன்னா பெருசா போயிடப் போவுது. கத புரியுது, படி."

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் சுலைமான் பாய் கண்ணாடி விற்கிறார். உப்பு லாரிமேல் உட்கார்ந்து ஒருநாள் போய் விசாரித்தேன். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிவிட்டார். ஒன்றில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. விலை பத்து ரூபாய். என்னிடம் இருந்தது மாயவன் கொடுத்த ஒன்பது. குறைத்துக் கொடுங்கள் பாய் என்றேன்.

"ஒரு கண்ணுக்கு நாலரை, ரெண்டு கண்ணுக்கு ஒம்போது. மூக்கு மேல ஒக்கார்ற கம்பிக்கு ஒரு ரூபா. ஒம்போதுதான் குடுப்பேன்னா கம்பிய எடுத்துட்டுத் தரேன். கைக்கு ஒண்ணா புடிச்சிகினு படி," என்றார்.

ஆகையால் அந்தப் பத்தாவது ரூபாய்க்காக நான் எவ்வளவு காத்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

மாயவனுக்கு அந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்துப்போனது. உப்பு வாங்க வேண்டாத நாளிலும் மத்தியானத்தில் வந்து உட்கார்ந்தான். கிரேக்கரில் பிதாகரஸ் என்பவருடைய கூட்டத்தார் உலகத்தில் எல்லாவற்றுக்கும் மூலம் எண்தான் என்று சொன்னார்கள். ஒரு தந்தியைச் சரிபாதியில் பிடித்து மீட்டினால் அதே சுரம் மேலே கேட்கிறது. இன்ன நீளத்துக்கு இன்ன ஓசை என்று கணக்கு இருக்கிறது. வானத்தில் சுற்றுகிறவையும் அதே கணக்கில்தான் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சுற்றும்போது அவையும் ஓசை எழுப்புகின்றன. பிறந்தது முதல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதால் நமக்கு அது கேட்பதில்லை.

காசிநாதன் இதை நம்பவில்லை. மாயவன் உடனே நம்பினான்.

"அது நெசம்தான் அண்ணாத்த. மெட்ராசுலருந்து ஒருத்தர் குப்பத்துக்கு வந்தாரு. இந்த சத்தத்துல எப்படிப்பா தூங்குறீங்கன்னாரு. இன்னா சத்தம்னேன். கடலு சத்தம்னாரு. அப்பதான் எனுக்கே கேட்டுச்சி. அன்னிக்குப் பூரா தூக்கமில்ல. ஒரே பேஜாரா பூட்சி."

"இப்ப கேக்குதா?" என்றாள் தனகோடி.

"நீ ஞாபகப்படுத்தாத."

இன்னொரு நாள் எண்களைப் பற்றிய பக்கம் வந்தது. இரண்டு ஓர் எண், மூன்று ஓர் எண், ஆனால் ஒன்று என்பது எண்ணே இல்லை, எண்களையெல்லாம் பெற்ற தாய் என்று அந்தக் கூட்டத்தார் நினைத்தார்களாம். இது என்ன கூத்து என்று நான் நிறுத்தினேன். அன்றைக்குக் காசிநாதன்தான் கிரேக்கர் பக்கம் சாய்ந்தார்.

"இதுல இன்னா தப்பு? நான் இருவது வருசமா மரக்கால் புடிக்கிறேன். மொத மரக்கால கொட்டும்போது இன்னா சொல்றேன்? லாபம்னு சொல்றேன். அப்புறம் ரெண்டு, மூணு. ஒண்ணுன்னு என் வாயால சொன்னதே கெடையாது. அவங்களும் அளக்கிறவங்களா இருந்திருப்பாங்க."

மூன்றாவதாக வந்தது பத்து. அந்தக் கூட்டத்தாருக்குப் பத்துதான் நிறைந்த எண். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கூட்டினால் பத்து. தனகோடி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு உப்புக் கட்டிகளை எடுத்து, அடியில் நாலு, அதன்மேல் மூன்று, பிறகு இரண்டு, உச்சியில் ஒன்று என்று வரிசை வைத்துப் பார்த்தாள். "நம்ம அம்பாரம் மாரியே கீது," என்றாள். அளத்தில் குவித்து வைக்கிற உப்பு அப்படித்தான் இருக்கும்.

பத்து நிறைந்த எண் என்றால் வானத்திலும் பத்து இருக்க வேண்டும் அல்லவா. காசிநாதன் விரல் விட்டார். "நச்சத்திரம் பூரா சேத்து ஒரு கூரை, அது லாபம். சூரியன் ரெண்டு, சந்திரன் மூணு, செவ்வா நாலு, புதன் அஞ்சு, வியாழன் ஆறு, வெள்ளி ஏழு, சனி எட்டு, நாம நிக்கிற பூமி ஒம்போது." அதோடு விரல் நின்றுவிட்டது.

"ஒம்போதுதான் வருது," என்றார். "சரியாத்தான கீது. கோயில்ல நவக்கிரகம் ஒம்போது. நாம சுத்திட்டு வூட்டுக்கு வந்துட்டோம். அவங்க எதுக்குப் பத்தாவதத் தேடிகினு போறாங்க?"

தேடிக்கொண்டு போகவில்லை, அவர்களே ஒன்றை வைத்துவிட்டார்கள் என்று மேலே படித்தேன். நடுவில் ஒரு பெரிய நெருப்பு, அது சூரியன் இல்லை. பூமி அதைச் சுற்றுகிறது, நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே. நாமெல்லாம் வெளிப்பக்கம் இருக்கிறோம், அதனால் நெருப்பு நமக்குத் தெரியாது. நெருப்புக்கு அந்தப் பக்கம் இதே வேகத்தில் இன்னொரு பூமி சுற்றுகிறது. அதன் பெயர் எதிர் பூமி. அது பத்தாவது. என்ன செய்தாலும் அதைப் பார்க்க முடியாது.

மாயவனுக்கு இது விளங்கவில்லை என்றதால் செய்து காட்டினோம். கொட்டகையில் தேத்தண்ணிக்கு மூட்டியிருந்த அடுப்பு நடு நெருப்பு. மாயவன் பூமி, தனகோடி எதிர் பூமி. இரண்டு பேரும் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். தனகோடி வேகமாக நடந்தாள், மாயவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தான், பூமியும் எதிர் பூமியும் இரண்டு தடவை இடித்துக்கொண்டன. மூன்றாவது சுற்றில் சரியாக வந்தது.

"தெரியுதா நானு?" என்று தனகோடி கேட்டாள்.

"தெரியல."

"ஆனா நான் கீறேன்."

"கீற," என்றான் மாயவன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டான். தோளிலிருந்து தொங்கிய துண்டின் நுனியில் நெருப்புப் பிடித்தது. நாங்கள் தட்டி அணைத்தோம். அவனோ வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் உப்பு வாங்க வந்தான். மூட்டையைக் கட்டினான். கிளம்பினான்.

"மாயவா, இந்த வாரத்து ரூபா?"

"குடுத்துட்டனே அண்ணாத்த."

"எங்க குடுத்த? ஒம்போதுதான் வந்துது."

"உன் கண்ணுக்குத் தெரியிறது ஒம்போது. பத்து ரூபா கடனு நெறஞ்ச கடனு. ஒம்போதோட எப்படி நிக்கும்? பத்தாவது கீது. நீ இந்தப் பக்கம் நிக்கிறதால தெரியல."

"எந்தப் பக்கம் நின்னா தெரியும்?"

"எந்தப் பக்கம் நின்னாலும் தெரியாது. நீதான படிச்ச?"

காசிநாதனைப் பார்த்தேன். அவர் மரக்காலைத் தட்டிக்கொண்டே, "இவன் சொல்றதுல ஒரு ஞாயம் கீது," என்றார். கடன் கொடுத்தவன் அவர் இல்லையே.

நானும் விடவில்லை. "சரி, கிரேக்கரை விடு. ஒம்போது போக பத்துல மீதி எவ்ளோ?"

"ஒண்ணு."

"அந்த ஒண்ணக் குடு."

"ஒண்ணு எண்ணே இல்லன்னு நீ படிக்கல? எண்ணே இல்லாதத எப்படி எண்ணிக் குடுக்கிறது? காசிநாதன் அண்ணே, நீ சொல்லு. ஒண்ணுன்னு எப்பனா வாயால சொல்லி கீறியா?"

"சொன்னதே இல்ல," என்றார் காசிநாதன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு இதே யோசனை. எழுத்துத் தெரியாமல் இருந்த காலத்தில் யாரும் என்னை இப்படிக் கட்டிப் போட்டதில்லை. நானே பக்கம் பக்கமாகப் படித்து, அவன் கையில் கத்தியைக் கொடுத்து, கழுத்தையும் நீட்டியிருக்கிறேன்.

மறுநாள் கொட்டகையில் புத்தகத்தை விரித்தால் அடுத்த அதிகாரம் முழுக்கப் பொடி எழுத்து. அச்சுக்கூடத்தில் காகிதம் போதவில்லையோ என்னவோ. தனகோடியை நாலடிக்கு மேல் தள்ளி உட்கார வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகப் போகிறது. கிட்டே வந்தால் கலங்குகிறது. தலைப்பு மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டேன்: எதிர் பூமி உண்டா.

"உண்டா?" என்றாள் தனகோடி.

"தெரியாது. கண்ணாடி இல்லாம படிக்க முடியாது. கண்ணாடிக்கு ஒரு ரூபா கொறையுது."

அன்றைக்கும் வந்து உட்கார்ந்திருந்த மாயவனை எல்லோரும் பார்த்தார்கள். அவன் கால்வாயைப் பார்த்தான்.

காசிநாதன் ஓர் உபாயம் சொன்னார். சோடா பாட்டிலில் தண்ணீர் ஊற்றி எழுத்தின்மேல் வைத்தால் பெரிதாகத் தெரியுமாம். வைத்துப் பார்த்தோம். ஒரு தடவைக்கு ஓர் எழுத்து தெரிந்தது. பாட்டிலைக் கொஞ்சம் தூக்கினால் அதுவும் தலைகீழாக நின்றது. ஒரு வரி முடிப்பதற்குள் கஞ்சி வேளை முடிந்து மேஸ்திரி விசில் ஊதிவிட்டார். பாட்டிலில் இருந்த தண்ணீர் புத்தகத்தில் கொட்டியதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் கொட்டகையில் பேச்செல்லாம் எதிர் பூமியைப் பற்றித்தான். அங்கேயும் உப்பளம் இருக்குமா, அங்கே சுமக்கிறவளுக்குக் கூலி எவ்வளவு என்று தனகோடிக்குத் தெரிய வேண்டும். அங்கே மரக்காலில் எப்படி அளக்கிறார்கள் என்பது காசிநாதன் கவலை. மாயவன் வந்தால் யாரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "இதோ வந்துட்டாரு, ரூபாய அந்தப் பக்கம் வச்சிகினு கீறவரு," என்று தனகோடி மட்டும் வரவேற்பாள்.

அவன் அதற்கெல்லாம் அசையவில்லை. அவனை அசைத்தது வேறு. ஒருநாள் உப்பும் வாங்காமல் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணாத்த, விடியகாலம் கட்டுமரத்துல போறேன். வெள்ளி மொளச்சி கீது. அந்தப் பக்கமும் ஒரு கடலு, அதுல ஒரு கட்டுமரம், அதுமேல என்ன மாரியே ஒருத்தன் போய்கினு இருப்பானோன்னு நெனப்பு வந்துது."

"இருந்தா இன்னா?"

"அவன் என்ன மாரியே இருந்தா, அவனும் அங்க உன்ன மாரியே ஒரு எல்லப்பனுக்குக் கடன் பட்டிருப்பான். அவனும் பத்தாவது ரூபா எதிர் பூமியில கீதுன்னு சொல்லிகினு இருப்பான்."

"ஆமா."

"அவனுக்கு எதிர் பூமி எது?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "இதுதான்."

"அப்போ அவன் ரூபாய நான் குடுக்கணும், என் ரூபாய அவன் குடுக்கணும். அவன் நாணயமானவனா இல்லியான்னு எனுக்கு எப்படித் தெரியும்? மூணு நாளா வலையில மனசு நிக்கல. வூட்ல கேக்குறாங்க, யார நெனச்சிகினு கீறன்னு. இன்னான்னு சொல்ல?"

இடுப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தான். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டான். "இது கடனு இல்ல. ஈடு. கண்ணாடி வாங்கிப் படி. எதிர் பூமி உண்டுன்னு போட்டிருந்தா என் பேச்சு செல்லும், இந்த ரூபாய நீ திருப்பித் தரணும். இல்லன்னு போட்டிருந்தா பத்தும் வந்துதுன்னு வச்சிக்கோ. நடுவுல நீ மட்டும் படிச்சிட்டு வந்து பொய் சொல்லக்கூடாது. புத்தகம் தனகோடிகிட்ட இருக்கட்டும்."

சரி என்று ரூபாயை அவன் கையிலிருந்து வாங்கி முடிந்துகொண்டேன். புத்தகம் என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியாது. உண்டு என்று போட்டிருந்தால் மூக்கின்மேல் கண்ணாடியோடு நான் மாயவனுக்குக் கடன்காரன் ஆகிவிடுவேன். எதிர் பூமி என்று ஒன்று இருக்கக் கூடாதே என்று எந்தக் கூலிக்காரனாவது அதுவரை வேண்டிக்கொண்டிருப்பானா தெரியவில்லை. லாரியில் செங்கல்பட்டு போகும்வரை நான் வேண்டிக்கொண்டு போனேன்.

சுலைமான் பாய் பத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். கடைத்தெருவில் இருந்த பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பலகையில் இங்கே நிற்காதே என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷமாக அங்கேதான் நின்று லாரிக்குக் காத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் கொட்டகையில் கூட்டம். தனகோடி புத்தகத்தைக் கொடுத்தாள். முதல் தடவையாக என் கையிலேயே வைத்துப் படித்தேன். பொடி எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

முதலில் சந்திரன் வந்தது. அந்தக் கூட்டத்தாரில் சிலர் சந்திரனிலும் பிராணிகள் உண்டு என்றார்கள். அவை இங்கே இருப்பவற்றைப்போலப் பதினைந்து மடங்கு வலிமையானவை, அவற்றுக்கு மலஜலம் கிடையாது என்றார்கள்.

"அப்போ தின்ன சோறு எங்க போவுது?" என்றாள் தனகோடி.

"வலுவா மாறிடுது போல."

"கொடுத்து வச்சதுங்க," என்றார் காசிநாதன். அவருக்கு அந்த விஷயத்தில் ரொம்ப நாளாகக் கஷ்டம்.

"சந்திரன்லயே ஆளுங்க கீறாங்கன்னா எதிர் பூமியில இல்லாமலா இருப்பாங்க?" என்று மாயவன் கையை என் பக்கம் நீட்டினான். "எடு அண்ணாத்த ரூபாய."

"இரு, இன்னும் கீது."

கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தேன். அடுத்த பத்தி இது. பின்னால் வந்த ஒரு கிரேக்க ஞானி அந்தக் கூட்டத்தாரைக் கண்டித்தார். வானத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்பதே. பத்தின்மேல் இருந்த ஆசையால் பத்தாவதை இவர்களாகவே கற்பித்துக்கொண்டார்கள். கண்ணால் பார்த்ததற்குத் தகுந்தபடி கணக்குப் போடாமல், போட்ட கணக்குக்குத் தகுந்தபடி வானத்தை வளைத்தார்கள். எதிர் பூமி என்று ஒன்று இல்லை.

மாயவன் இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னான். படித்தேன். காசிநாதன் என் தோள்வழியாகத் தலையை நீட்டி, கடைசி வரியை எழுத்துக் கூட்டித் தானும் ஒரு தடவை படித்துச் சரி என்றார்.

மாயவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"அப்போ அங்க ஒருத்தனும் இல்ல."

"இல்ல."

"நெசமாவா?"

"நீ ஒருத்தன் கீறதே எங்களுக்கு ஜாஸ்தி," என்றாள் தனகோடி.

அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஒரு ரூபாய் போன வருத்தம் அதில் இல்லை. தெரியாத ஒருவனுடைய கடன் தன் தலையில் இல்லை என்ற நிம்மதிதான் தெரிந்தது.

"அந்தக் கண்ணாடியக் குடு. என் ரூபாயும் அதுல கீதில்ல, ஒருவாட்டி பாக்கறேன்," என்றான். மாட்டிக்கொண்டு கால்வாயைப் பார்த்தான், காசிநாதனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எல்லாம் கலங்கிப்போய் கீது. உன் மூஞ்சி ஊறவச்ச கருவாடு மாரி கீது. இதுக்கா பத்து ரூபா குடுத்த?"

கழற்றி என் கையில் வைத்தான்.

"சரி அண்ணாத்த, பத்தும் வந்துது. இனிமே உனுக்கு நான் ஒண்ணும் தர வேண்டியதில்ல."

"தர வேண்டியதில்ல," என்றேன் நானும்.

"நான் சாட்சி," என்றார் காசிநாதன்.